மாடன் உருவம் செய்த கை கார் செய்யப் போகும்போது

எங்கள் தாத்தா கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாடன் சாமி உருவம் செய்யும்போது முகத்துக்குக் கடைசியில்தான் போவார். முதலில் கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள். "ஏல, தோளு நின்னுட்டுன்னா மாடன் நின்னுட்டாரு. மீசைய யாரு வேணும்னாலும் ஒட்டலாம்" என்பார். வைக்கோலும் மண்ணும் சேர்த்து மிதிப்பது என் வேலை. தோளில் அவர் கட்டைவிரல் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே மிதிப்பேன்.

பல வருடம் கழித்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு டிசைன் ஸ்டூடியோவில் முழு அளவு கார் ஒன்றின் பின்சக்கரத்துக்கு மேலே கிளே அப்பிக்கொண்டிருந்தேன். லீட் மாடலர் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஷோல்டர் இன்னும் நிக்கல தம்பி, வண்டி தூங்குது" என்றார். தாத்தா குரல் கேட்ட மாதிரி இருந்தது.

காருகுறிச்சிப் பக்கம் மண் வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள், கோபுரத்தில் சுதை வேலைக்குப் போகிற தம்பிகள், கும்பகோணத்திலோ சென்னையிலோ சிற்பம் படித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பார்கள்: "அண்ணாச்சி, கார் கம்பெனியில களிமண் வேலை உண்டாமே, நமக்குக் கிடைக்குமா?" கிடைக்கும். உருவச் சிற்பம் தெரிந்த கைக்கு இந்தத் தொழிலில் பாதித் தூரம் ஏற்கெனவே நடந்தாயிற்று. மீதிப் பாதி, அளவு பிசகாமல் செய்வது. அந்தப் பாதியை எப்படிக் கடப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இது என்ன வேலை

காரோ பைக்கோ டிராக்டரோ, தகடு அடிக்கும் அச்சை வெட்டுவதற்கு முன்னால் அதன் உருவத்தைக் களிமண்ணில் செய்து பார்ப்பார்கள். அச்சு வெட்டிவிட்டால் பிறகு ஒரு வளைவை மாற்றுவதற்குப் பெரும் பணம் ஆகும். களிமண்ணில் மாற்றுவதற்கு ஒரு மதியம் போதும். டிசைனர் காகிதத்திலும் கணினியிலும் வரைந்ததைத் தொட்டுப் பார்க்கும் பொருளாக்கித் தருகிறவர்தான் கிளே மாடலர். 1927ல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்த ஹார்லி ஏர்ல்தான் இந்த முறையை ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கமாக ஆக்கினார். கணினி இவ்வளவு வளர்ந்த பிறகும் வேலை நிற்கவில்லை. திரையில் அழகாகத் தெரியும் வளைவு நாலு மீட்டர் நீளத்தில் கண்ணெதிரே நிற்கும்போது வேறு மாதிரி தெரிகிறது. அதை நேரில் பார்க்காமல் முடிவெடுக்க யாருக்கும் துணிச்சல் வருவதில்லை.

சிற்பிக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்பார்கள். ஃப்ளாமினியோ பெர்டோனி பெயரைச் சொல்லுங்கள். இத்தாலியில் பிறந்த சிற்பி அவர். பிரான்சின் சிட்ரோயன் நிறுவனத்துக்காக 1934ல் வந்த டிராக்‌ஷன் அவான்ட் காரின் வடிவத்தைப் படமாக வரைந்து காட்டாமல், சிலை மாதிரி கையால் பிடித்துக் காட்டினார். 1948ல் வந்த டூ ஷெவோ, 1955ல் பாரிஸ் கண்காட்சியில் கூட்டத்தையே நிற்கவைத்த டிஎஸ் எல்லாம் அவர் கை பட்டவை. டிஎஸ் காரைப் பக்கவாட்டிலிருந்து படத்தில் பாருங்கள். மூக்கிலிருந்து வால்வரை ஒரே மூச்சில் போகும் அந்தக் கோட்டை, உடம்பு செய்து பழகிய ஒருவரால்தான் அப்படி இழுக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள். நகமும் நரம்பும் தெரிகிறதே என்று எல்லோரும் அதிசயப்படுவார்கள். நீங்கள் அதை விட்டுவிடுங்கள். கர்ணன் முன்னால் நின்று, தோளிலிருந்து முழங்கைவரை மட்டும் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரமாக இருந்தால் நல்லது. தோள் உருண்டையில் விழும் வெளிச்சம் ஒரு பட்டையாக இறங்கி, புஜத்தில் அகன்று, முழங்கைக்கு மேலே மெலிந்து, அங்கே சட்டென்று திரும்பும். இடம் வலமாக ஓர் அடி நகர்ந்தால் பட்டையும் கூடவே நகரும். எங்கேயும் உடையாது, நெளியாது. கையால் தொட வேண்டாம், கண்ணாலேயே அந்தப் பட்டையைத் தடவிக்கொண்டு வாருங்கள்.

அந்தப் பட்டைக்கு ஸ்டூடியோவில் ஹைலைட் என்று பெயர். கார் மாடலரின் நாள் முழுவதும் அதன் பின்னால்தான் போகிறது. கதவின் மேல் வெளிச்சம் எப்படி ஓடுகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, சக்கர வளைவுக்கு மேலே வந்ததும் குழம்புகிறதா, இதெல்லாம்தான் பேச்சு. உருவம் செய்து பழகியவர் கன்னத்திலும் நெற்றியிலும் இதை வருடக்கணக்காகப் பார்த்தவர். எஞ்சினியரிங் படித்து வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கண் வர நாளாகிறது. உங்களுக்கு அதன் பெயர் மட்டும்தான் புதுசு.

இரண்டாவது, தோலுக்குக் கீழே எலும்பு இருக்கிறது என்ற அறிவு. நல்ல சிற்பி கன்னத்தைத் தட்டையாகச் செய்ய மாட்டார். உள்ளே எலும்பு இருக்கிறது, அதன்மேல் தசை, அதன்மேல் இழுத்துக் கட்டின தோல். கார் கதவும் அப்படித்தான். தட்டையாகத் தெரியும் இடத்திலும் லேசான புடைப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வெயிலில் அந்த இடம் உள்ளே குழிந்த மாதிரி தெரியும். சக்கரத்துக்கு மேலே புடைத்து நிற்கும் பகுதி தொடைச் சதை மாதிரி உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும். வெளியே ஒட்டின மாதிரி இருந்தால் பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும். 2011ல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 500க்குச் சிறுத்தைதான் மாதிரி என்று அந்த நிறுவனமே சொன்னது. காளை, குதிரை, சிறுத்தை என்று விலங்கின் தசையைச் செய்து பழகியிருந்தால் டிசைனர் எதைக் கேட்கிறார் என்று சட்டெனப் பிடிபடும்.

மூன்றாவது, எடை எங்கே நிற்கிறது என்பது. உடம்பு மூன்று இடத்தில் வளைந்து, திரிபங்கத்தில் நிற்கும் உருவத்துக்கு எடை ஒரு காலில்தான். அந்தக் காலை நீங்கள் சரியாகச் செய்யாவிட்டால் முழு உருவமும் சாய்கிற மாதிரி இருக்கும். கார் சும்மா நின்றாலும் பாய்வதற்குத் தயாராக இருக்கிறதா, அயர்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்பது சக்கரங்களின்மேல் உடல் எப்படி இறங்குகிறது என்பதில் இருக்கிறது. ஸ்டான்ஸ் என்பார்கள்.

அப்புறம் தாளம். சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளத்தை ஓர் அலகாக வைத்து உடம்பை அளப்பார்கள். நவதாளம் என்றால் ஒன்பது முகம். உத்தம தசதாளத்தில் உயரத்தை 124 பங்காகப் பிரிப்பார்கள். காரில் அந்த முகத்தின் இடத்தில் சக்கரம் வருகிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று சக்கரம் அடுக்க முடிந்தால் அந்த வண்டி கண்ணுக்குப் பொருந்தி நிற்கும். உயரம் இரண்டு, இரண்டரைச் சக்கரம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போகிற வருகிற கார்களை இப்படி அளந்து பாருங்கள், பத்து நாளில் கண் பழகிவிடும்.

அந்தக் களிமண் வேறு

பெயர்தான் கிளே. தாமிரபரணிக் கரை மண்ணுக்கும் அதற்கும் உறவில்லை. மெழுகும் எண்ணெயும் தூளும் கலந்த சரக்கு. தண்ணீர் கிடையாது, அதனால் காயாது, சுருங்காது, வெடிக்காது. 55, 60 டிகிரி சூட்டில் அடுப்புப் பெட்டியில் வைத்து எடுத்தால் பிசைந்த புரோட்டா மாவு மாதிரி கைக்கு வரும். ஆறினால் சோப்புக் கட்டி மாதிரி இறுகும். இறுகியதைச் சீவலாம், செதுக்கலாம். குறைந்த இடத்தில் சூடான கிளே அப்பி மறுபடி சீவலாம். ஆற்று மண்ணில் ஏற்றுகிற வேலையும் கல்லில் குறைக்கிற வேலையும் ஒரே பொருளில் வருகிறது. இரண்டும் தெரிந்தவருக்கு இது கொண்டாட்டம்தான்.

சில வகைக் கிளேயில் கந்தகம் இருக்கும். வாசனையே காட்டிக்கொடுக்கும். சிலிக்கோன் அச்சு எடுக்க நினைத்தால் கந்தகம் இல்லாத வகையை வாங்குங்கள், இல்லாவிட்டால் சில வகைச் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும்.

நம் ஊரில் ஒரு தொல்லை உண்டு. ஸ்டூடியோவில் ஏசி ஓடும், கிளே ஒரே பதத்தில் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் நெல்லை வீட்டின் மாடி அறையில் அது இறுகவே இறுகாது. ரேக் என்கிற பல் வைத்த தகட்டைப் போட்டால் சீவலாக வராமல் இழுபடும். விடியற்காலை நாலிலிருந்து எட்டுவரை உட்காருங்கள். ஆனி, ஆடியில் சாரல் காற்று வந்துவிட்டால் பகலிலும் வேலை நடக்கும்.

இந்தச் சரக்கு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருவதால் விலை கூடுதல். தொடக்கத்திலேயே பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். மூன்று, நான்கு கிலோ போதும். சீவி விழுந்ததைத் திரும்பச் சூடாக்கிப் பயன்படுத்தலாம். தெர்மாகோல் துணுக்கும் டேப் துண்டும் மட்டும் கலந்துவிடக் கூடாது. கீழே ஒரு பழைய சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

கருவிகளை நீங்களே செய்யுங்கள்

சிற்பிகள் கட்டைவிரலை நம்புகிறவர்கள். இங்கே கட்டைவிரல் அப்புவதற்கு மட்டும். உருவத்தைக் கொண்டுவருவது ரேக். ஒரு பக்கம் பல், மறுபக்கம் வழவழப்பான விளிம்பு உள்ள எஃகுத் தகடு. அதற்கடுத்தது பல் இல்லாத ஃபினிஷர். கடைசியில் ஸ்ப்லைன், வளைத்துப் பிடித்தால் வளைவுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் மெல்லிய ஸ்பிரிங் எஃகு.

பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஏதாவது லேத் பட்டறையில் உடைந்த ஹாக்ஸா பிளேடு கேட்டால் சும்மாவே தருவார்கள். அதில் பல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு மரக்கட்டையில் வாய் வெட்டிச் செருகினால் முதல் ரேக் தயார். அறுந்த அலாரம் கடிகாரத்தின் ஸ்பிரிங்கை நீட்டினால் சின்ன ஸ்ப்லைன். விளிம்பை எண்ணெய்க் கல்லில் தேய்த்து, நகத்தில் இழுத்துப் பாருங்கள். சின்ன பிசிர் இருந்தாலும் அது கிளேயில் கோடாக விழும். வேலைக்குப் போன பிறகும் நல்ல மாடலர்கள் தங்கள் கருவியைத் தாங்களேதான் செய்துகொள்கிறார்கள். வேலைக்கான டெஸ்டுக்குப் போகும்போது நீங்கள் செய்த கருவியை மேசைமேல் எடுத்து வைத்தாலே பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்று மிகவும் அவசியம். சமையல் மேடைக்கு வெட்டியது போக மிஞ்சிய கிரானைட் துண்டு. இரண்டடிக்கு ஒன்றரை அடி கிடைத்தால் நல்லது. தட்டையான மேடை இல்லாமல் அளவு இல்லை. அதன்மேல் மூலைமட்டம், எஃகு ஸ்கேல், உயரம் குறிக்க ஒரு கட்டையில் நிறுத்திய ஊசி. இவ்வளவும் இருந்தால் உங்கள் வீட்டில் ஒரு குட்டி ஸ்டூடியோ வந்துவிட்டது.

கார் செய்வதற்கு முன் மூன்று பயிற்சி

முட்டை செய்யுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஓரடி நீளத்தில் ஒரு முட்டை, கிளேயில். அட்டையில் அதன் பாதி வடிவத்தை வெட்டி, முட்டையைச் சுற்றி எந்தக் கோணத்தில் வைத்தாலும் இடைவெளி தெரியாமல் ஒட்ட வேண்டும். கண், மூக்கு, உடை மடிப்பு என்று ஒளிந்துகொள்ள இடமே இல்லாத உருவம் அது. சிலை வேலையில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓரிடம் சரியாக வராவிட்டால் அங்கே ஒரு நகையைப் போட்டுவிடுவோம். முட்டைக்கு என்ன நகை போடுவது?

இரண்டாவது, பாதி முகம். நடுக்கோட்டில் வெட்டிய பாதி முகத்தைச் செய்து, வெட்டின இடத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்துங்கள். முழு முகம் தெரியும். கார் ஸ்டூடியோக்களிலும் பாதிக் கார் செய்து கண்ணாடி வைத்துப் பார்ப்பது உண்டு. அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டு மறுபாதியை நீங்களே செய்யுங்கள். இந்தப் பாதியிலிருந்து புள்ளிகளை அளந்து அந்தப் பாதிக்கு மாற்ற வேண்டும். கற்சிற்பிகள் பிரம்மசூத்திரம் என்று நடுநூல் பிடிப்பார்களே, அதேதான். அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து காட்டுங்கள்.

இந்த இடத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஹெட்லைட் மூலையை எனக்குத் தந்தார்கள். இடது பக்கம். ஆர்வத்தில் அளவுத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, கண் சொன்னபடி செய்தேன். நன்றாகத்தான் வந்தது, டிசைனரும் தலையாட்டினார். மறுநாள் உயரமானியை வைத்து அளந்தபோது வலது பக்கத்துக்கும் இதற்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். என் மூலை அழகாக இருக்கிறது என்பதற்காக மறுபக்கத்தை யாரும் மாற்றப் போவதில்லை. என் தப்புதான். மூன்று நாள் வேலையைச் சீவி எடுத்துவிட்டு மறுபடி அப்பினேன். சிலையில் இரண்டு கண்ணும் துளி மாறியிருந்தால் அது உயிர். காரில் அது பிழை. நம் ஆட்களுக்குக் கையில் ஏற மிகவும் கஷ்டப்படுவது இதுதான், அதனால்தான் பாதி முகத்தை அவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மூன்றாவது பயிற்சி சின்னது. அரையடிச் சதுரத் தட்டில் லேசான புடைப்பு ஒன்று. அதைப் பழுதில்லாமல் முடித்து, தண்ணீர் தெளித்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். விளக்கின் பிம்பம் நெளியாமல் ஒரே கோடாக ஓடுகிறதா? நெளிந்தால் அங்கே பள்ளம்.

ஒன்றுக்குப் பத்து அளவில் முதல் கார்

நம் நாட்டில் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கார்களுக்கு வரி குறைவு, அதனால் அந்த நீளத்தில் நிறைய மாடல்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒன்றுக்குப் பத்தில் 400 மில்லிமீட்டர் நீளம். சக்கரங்களின் மையத்துக்கு மையம் சுமார் 250, சக்கர விட்டம் சுமார் 65. ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் ஒன்றுக்கு நாலு அளவில் தொடங்கி, பிறகு முழு அளவுக்குப் போவார்கள். ஒன்றுக்கு நாலில் ஒரு மில்லிமீட்டர் பிழை என்றால் முழு அளவில் நாலு மில்லிமீட்டர். ஒன்றுக்குப் பத்தில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கம், முன், பின், மேல் என்று நாலு படத்தையும் அளவோடு வரைந்துகொள்ளுங்கள். பலகையில் நடுக்கோடு போட்டு, குறுக்கே 20 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. அதன்மேல் தெர்மாகோலை வெட்டி ஒட்டி உடல் கட்டுங்கள். முடிவான அளவைவிட எல்லாப் பக்கமும் 15 மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். மாடன் உருவத்துக்கு உள்ளே கட்டும் கம்பும் வைக்கோலும்தான் இது. முழு அளவு மாடலில் இரும்புச் சட்டம், அதன்மேல் ஃபோம், அதன்மேல் கிளே.

முதல் பூச்சு மெல்லிசாக, உள்ளங்கையின் அடியால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். காற்று உள்ளே மாட்டினால் பின்னால் சீவும்போது அந்த இடம் பெயர்ந்து வரும். அடுத்தடுத்த பூச்சு சூட்டோடு சூடாக. முடிவான அளவைவிட நாலைந்து மில்லிமீட்டர் கூடுதலாக ஏற்றி, ஒரு ராத்திரி ஆறவிடுங்கள்.

இனி ரேக். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆசை. முடிந்தவரை எழுதுகிறேன். ரேக்கை இரண்டு கையாலும் பிடியுங்கள், ஒரு கை இழுக்க, ஒரு கை அழுத்த. மணிக்கட்டு அசையக் கூடாது, இடுப்பிலிருந்து உடம்பே நகர வேண்டும். நீளமாக, ஒரே மூச்சில். முதல் முறை இடமிருந்து வலம் சாய்வாக, அடுத்த முறை அதற்குக் குறுக்கே. பல் விட்ட கோடுகள் பாய்ப் பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக விழும். மேடான இடத்தில் இரண்டாவது கோடு முதல் கோட்டை அழித்துவிடும். பள்ளத்தில் முதல் கோடு அப்படியே நிற்கும். எங்கே குறைக்க வேண்டும், எங்கே அப்ப வேண்டும் என்று கிளேயே காட்டிக்கொடுக்கும். ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போனால் அலை விழும், எவ்வளவு நேரம் இழுத்தாலும் அலை போகாது.

அப்புறம் கையை வையுங்கள். விரல் நுனி வேண்டாம், அது பொய் சொல்லும். நாலு விரலும் உள்ளங்கையும் சேர்ந்து படிய, கண்ணை மூடிக்கொண்டு, கதவிலிருந்து பின்சக்கரத்துக்கு மேலே மெதுவாகக் கொண்டு போங்கள். மெல்லிய துணியைக் கைக்கும் கிளேக்கும் நடுவே போட்டுக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும். கண்ணுக்குப் படாத பள்ளத்தில் கை இறங்கும். உருவம் செய்தவரின் கை இங்கே மற்றவர்களைவிட சீக்கிரம் பேசத் தொடங்கும்.

கதவின் கோடு, கண்ணாடியின் விளிம்பு இதையெல்லாம் வரைவதற்குக் கறுப்பு டேப். ஒரு முனையை ஒட்டி, மறுமுனையை நீள இழுத்துப் பிடித்து, கோடு கண்ணுக்குச் சரியாகும்வரை அசைத்து, அப்புறம் விரலால் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். பிடிக்காவிட்டால் உரித்து மறுபடி ஒட்டலாம். வாசலில் இழைக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது வெகு எளிதில் வருகிறது. இந்த வேலைக்குப் பெண்கள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை, சும்மா சொல்லவில்லை.

கடைசியில் டைநாக் என்கிற இழுபடும் படலத்தைத் தண்ணீர் தெளித்து ஒட்டுவார்கள். களிமண் பெயின்ட் அடித்த தகடு மாதிரி ஆகிவிடும், ஹைலைட் முழுதாகத் தெரியும். வீட்டில் அது இல்லாவிட்டால் பரவாயில்லை, டியூப்லைட் போதும்.

கணினி

இப்போது பல இடங்களில் முதல் உருவத்தை ஐந்து அச்சில் (ஆக்சிஸில்) நகர்ந்து வெட்டும் மில்லிங் இயந்திரமே கிளேயில் வெட்டித் தருகிறது. கையால் முடித்ததை ஸ்கேன் செய்து திரும்பக் கணினிக்கு அனுப்புகிறார்கள். அதனால் இயந்திரத்தோடு பேசத் தெரிய வேண்டும். கார் வடிவம் வரைகிற ஏலியாஸ் மென்பொருளில் முழுத் தேர்ச்சி தேவையில்லை. ஒரு குறுக்குவெட்டை, அதாவது செக்‌ஷனைத் திறந்து பார்க்கவும், அளவு எடுக்கவும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் பழகிக்கொண்டே இருங்கள்.

எங்கே படிப்பது, எங்கே போவது

கிளே மாடலிங் மட்டும் சொல்லித்தரும் இடங்கள் குறைவு, பெரும்பாலும் வேலையில் சேர்ந்துதான் கற்கிறோம். சிற்பத்தில் பட்டம் நல்ல அடித்தளம். 1850ல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, கும்பகோணத்துக் கவின்கலைக் கல்லூரி, மரபுச் சிற்பத்துக்கு மாமல்லபுரம். டிசைனராகவே ஆக வேண்டுமென்றால் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் காந்திநகர் வளாகத்தில் வாகன வடிவமைப்பு முதுகலை இருக்கிறது, ஆனால் அது வேறு பாதை.

வேலைக்கு நம் பக்கத்திலேயே இடம் உண்டு. ஓசூரில் டிவிஎஸ், சென்னையில் ராயல் என்ஃபீல்டு, செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா ஆராய்ச்சி மையம், தள்ளிப் போனால் மும்பை, புனே. பைக்கை இளக்காரமாக நினைக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் என்பது முழுக்க முழுக்கத் தோளும் தொடையும்தான், உருவச் சிற்பிக்குக் காரைவிட அதுதான் நெருக்கம் என்பேன். முதல் வேலை பல நேரம் ஒப்பந்தத்தில்தான் கிடைக்கும். கையெழுத்துப் போடும் முன் எத்தனை மாதம், கூடுதல் நேரத்துக்கு என்ன, தங்கும் இடம் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

காட்டுவதற்குப் படத்தொகுப்பு ஒன்று வேண்டும். பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். முடிந்த சிலைகளின் அழகான படங்களாகவே அடுக்காதீர்கள். தெர்மாகோல் கூடு, முதல் பூச்சு, குறுக்குக் கோடு விழுந்த ரேக் நிலை, தப்பாகப் போய்த் திருத்திய இடம், அளவு எடுக்கும் படம் எல்லாம் வரட்டும். ஒரு தலை, ஒரு கை அல்லது பாதம், ஒரு விலங்கு, அந்த முட்டை, அப்புறம் கார். சாமி உருவம் செய்திருந்தால் கட்டாயம் வையுங்கள். அதை மறைக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், கேட்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எத்தனை நாள், என்ன அளவு என்று இரண்டு வரி போதும்.

நேர்முகத்தில் பேச்சைவிட கைவேலைதான் முக்கியம். ஒரு கட்டி கிளே, ஒரு படம், சில மணி நேரம் கொடுப்பார்கள். முழுசாக முடிக்கத் துடிக்காதீர்கள். ஒரு பக்கத்தைச் சரியான அளவில், சுத்தமான சர்ஃபேசோடு கொண்டுவந்து, மறுபக்கத்தை ரேக் நிலையில் விட்டாலும் குறையில்லை. நடுவில் டிசைனர் வந்து "இதை மாத்தலாமா?" என்று கேட்டால் அதுவும் டெஸ்டில் ஒரு பகுதிதான். முகம் சுளிக்காமல் சீவி எடுத்துவிட்டு மறுபடி அப்புங்கள். ஆங்கிலம் சரளமாக வர வேண்டியதில்லை. ஷோல்டர் லைன், பெல்ட் லைன், வீல் ஆர்ச், பில்லர், கிரௌன், செக்‌ஷன் என்று முப்பது நாற்பது சொல்லை ஒரு நோட்டில் எழுதி, ஒரு பொம்மைக் காரில் தொட்டுக் காட்டிப் பழகிக்கொண்டால் போதும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் போனால் விடிந்ததும் எழும்பூரில் இறங்கிவிடலாம். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, அரை மணி முன்னாலேயே போய்ச் சேருங்கள். உங்கள் ரேக்குகளை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள், விளிம்பு மழுங்காது. முந்தின ராத்திரியே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நீட்டி வைத்த நகம் கிளேயில் கோடு போட்டுவிடும்.